பல வாயில் நீதிமன்றம்
(சட்டப் பேராசிரியர் பிராங் சாண்டரின் வாழ்வும் பணியும்)

நம் ஊர்களிலே ஒருவரைப்பற்றி விசாரிக்கும்போது, "அவரோ? கோடும் கச்சேரியுமாகத் திரிந்தே காணிபூமியை அழித்தவர்" என்று பெரியோர் சொல்ல நாம் கேட்டிருக்கின்றோம். வேலிக் கதியால் ஒன்று அரை முழம் தள்ளி நடப்பட்டுவிட்டது. பங்குக் கிணற்றிலே இறைப்பு முறை ஒரு நாள் தவறிவிட்டது. எல்லையில் நின்ற பனையின் ஓலையை அயலவர் வெட்டிவிட்டார். இவ்வளவுதான் தொடக்கம். பின்னர் பிறக்கிராசியார் வீடு, அப்புக்காத்தர் வீடு, தவணைமேல் தவணை, மேன்முறையீடு என்று ஆண்டுகள் ஓடும். ஒரு தாய் வயிற்றுப் பிள்ளைகள் ஒருவர் வீட்டு நன்மை தீமைக்கு மற்றவர் போகாதிருப்பர். ஈற்றிலே தீர்ப்பு வரும். வென்றவர் கைக்கு அரைப் பரப்புக் காணி வரும். அதனைப்போல் இருமடங்கு காணி வழக்குச் செலவுக்காக ஈட்டிலே போயிருக்கும்.

இத்தகைய வழக்குகளிலே சட்டம் தன் கடமையைச் செய்தது, அதில் ஐயமில்லை. ஆனால் சண்டை தீர்ந்ததா? வழக்குத் தீர்வதும் பகை தீர்வதும் ஒன்றா? இக்கேள்வியைத் தம் வாழ்நாள் ஆராய்ச்சியாக மேற்கொண்ட ஒரு சட்டப் பேராசிரியரைப்பற்றியே இக்கட்டுரையில் எழுத முற்பட்டோம். அவர் பெயர் பிராங் சாண்டர். அமெரிக்க நாட்டின் ஹார்வர்ட் சர்வகலாசாலையிலே நாற்பது ஆண்டுகளுக்கு மேலாகச் சட்டம் போதித்தவர். இன்று உலகின் பல நாடுகளில் மத்தியஸ்தம் என்பது நீதிபரிபாலனத்தின் ஓர் அங்கமாகி விளங்குவதற்கு வழிகோலியவர்களுள் முன்னிற்பவர் அவர். போர் முனையிலோ அரசியல் மேடையிலோ புகழ் பெற்றவரல்லர். வகுப்பறையும் எழுதுகோலுமே அவருடைய கருவிகள். அதனாலேயே கற்கும் பருவத்தினரான நம் இளைஞர் அவரை அறிந்துகொள்ளுதல் நன்றெனக் கருதுகின்றோம்.

சட்டத்தின் பெயரால் நாடிழந்த சிறுவன்

சாண்டர் 1927ஆம் ஆண்டு ஜேர்மனி தேசத்து ஸ்ருட்கார்ட் நகரிலே ஒரு யூத குடும்பத்திற் பிறந்தார். அவருக்கு ஆறு வயதாகுமுன் 1933ஆம் ஆண்டிலே ஹிட்லர் ஆட்சிக்கு வந்தான். அதன்பின் அந்நாட்டில் நிகழ்ந்தவற்றை நாம் அறிவோம். ஈண்டு நாம் ஊன்றி நோக்கவேண்டியது ஒன்றுண்டு. யூதருக்கு இழைக்கப்பட்ட கொடுமைகளிற் பல சட்டத்தின் பெயராலேயே இழைக்கப்பட்டன. 1935ஆம் ஆண்டின் நியூரெம்பர்க் சட்டங்கள் யூதரின் பிரசாவுரிமையைப் பறித்தன. யாரை யார் மணம் செய்யலாம் என்றும் விதித்தன. அச்சட்டங்களை எழுதியவர்கள் சட்டம் கற்றவர்கள், நடைமுறைப்படுத்தியவர்கள் நியாயாதிபதிகள். 1938ஆம் ஆண்டு நவெம்பர் மாதத்திலே ஒரே இரவில் யூதருடைய வணக்கத்தலங்கள் தீயிடப்பட்டன, கடைகள் நொறுக்கப்பட்டன. 1930களின் இறுதியிலே தாய்நாட்டை விட்டகன்ற குடும்பங்களுள் சாண்டரின் குடும்பமும் ஒன்று. சிறுவன் அமெரிக்காவிலே பொஸ்ரன் நகரையடுத்த பகுதியிலே வளர்ந்தான். அந்நிய மொழியிற் படித்தான்.

சட்டத்தாலே வீடிழந்த சிறுவன் சட்டத்தை வெறுத்திருக்கலாம். சாண்டரோ சட்டத்தையே கற்க விரும்பினார். யுத்த முடிவிலே கடற்படையிற் சிறிது காலம் சேவை புரிந்தபின் ஹார்வர்ட் கல்லூரியிலே கணித சாஸ்திரம் பயின்று 1949ஆம் ஆண்டிலே பட்டம் பெற்றார். அங்கேயே சட்டம் பயின்று 1952ஆம் ஆண்டிலே தேறினார். ஒரு பிரச்சினைக்கு எத்தனை வழிகளிலே விடை காணலாம் என்று ஆராய்வது கணிதப் பயிற்சி தரும் குணம். அக்குணம் பிற்காலத்தில் அவருக்கு எவ்வாறு பயன்பட்டதென்பதை மேலே காண்போம்.

தீர்ப்பின் வலிமையைக் கண்ட ஆண்டு

அமெரிக்காவிலே சிறப்புறத் தேறிய சட்ட மாணவர் சிலர் உயர் நீதிமன்ற நீதியரசர்களிடம் ஓராண்டு உதவியாளராக அமர்வது வழக்கம். சாண்டர் 1953-54ஆம் ஆண்டுத் தவணையிலே நீதியரசர் பீலிக்ஸ் பிராங்பேட்டரிடம் அமர்ந்தார். பிராங்பேட்டரும் வியன்னா நகரிலே பிறந்து பன்னிரண்டாம் வயதிற் புலம்பெயர்ந்து வந்த யூதர்.

அந்த ஆண்டு அமெரிக்கச் சரித்திரத்தில் மறக்கொணாத ஆண்டு. கறுப்பினப் பிள்ளைகளையும் வெள்ளையினப் பிள்ளைகளையும் வெவ்வேறு பாடசாலைகளிற் பிரித்துவைக்கும் சட்டங்கள் அரசியலமைப்புக்கு முரணானவை என்று 1954ஆம் ஆண்டு மே மாதம் 17ஆந் திகதி அந்நீதிமன்றத்தின் ஒன்பது நீதியரசர்களும் ஏகமனதாகத் தீர்ப்பளித்தனர். பிரவுண் வழக்கு என்று அது பெயர் பெற்றது. அரை நூற்றாண்டுக்கு மேல் வேரூன்றிய அநீதி ஒன்றை நீதிமன்றம் தீர்ப்பினாலே அசைத்தது.

இதனை நாம் இங்கே விரித்துக் கூறுவதற்குக் காரணமுண்டு. மத்தியஸ்தத்தைப் போற்றுவோர் நீதிமன்றத்தை இகழ்வோர் என்று சிலர் எண்ணுகின்றனர். சாண்டர் அத்தகையவரல்லர். நீதிமன்றத்தின் மிகப்பெரிய பணி எதுவென்பதை அவர் அருகிருந்து கண்டவர். சில வழக்குகளிலே இணக்கம் பேசுவது பாவமென்பதையும் அவர் அறிவார். "பாதிப் பிள்ளைகளை மாத்திரம் பிரித்துவைப்போம்" என்று ஒரு சமரசம் கண்டிருந்தால் அது நீதியாகுமா? ஆகவே எந்த வழக்குக்கு எந்த இடம் என்பதே அவர் ஆராய்ந்த விஷயம். நீதிமன்றத்தை மூடுவது அவர் நோக்கமன்று.

வகுப்பறையும் ஒரு நீண்ட கடிதமும்

சாண்டர் சிறிது காலம் அரசாங்க நீதித் திணைக்களத்திலும் பொஸ்ரன் நகர வழக்கறிஞர் நிறுவனம் ஒன்றிலும் கடமையாற்றியபின் 1959ஆம் ஆண்டிலே ஹார்வர்ட் சட்டக் கல்லூரியில் ஆசிரியரானார். வரிச் சட்டமும் குடும்பச் சட்டமும் அவர் போதித்த பாடங்கள். 1965ஆம் ஆண்டுக் கோடைவிடுமுறையிலே, கறுப்பின மாணவரைச் சட்டக் கல்விக்கு ஆயத்தஞ் செய்யும் விசேட வகுப்பொன்றை அங்கே தொடக்கி நடத்தினார். அது பின்னர் தேசமெங்கும் பரவிய ஒரு திட்டத்துக்கு முன்னோடியாயிற்று. தாம் பெற்ற வாய்ப்பைப் பிறரும் பெறவேண்டும் என்னும் எண்ணமுடையார்க்கே இது தோன்றும்.

குடும்பச் சட்டம் போதித்து வந்தவர் ஒன்றைக் கவனித்தார். கணவன் மனைவி பிணக்கு நீதிமன்றம் சென்றால் அப்பிணக்கு ஆறுவதில்லை, பெருகுகின்றது. ஒருவர் குற்றத்தை மற்றவர் நிரூபித்தே ஆகவேண்டும் என்பது வழக்கின் தன்மை. பிள்ளைகளோ இருவருக்கும் பிள்ளைகள். தீர்ப்பின் பின்பும் அவர்களை வளர்க்க இருவரும் பேசியே ஆகவேண்டும். அதே வேளையில் தொழிலாளருக்கும் முதலாளிமாருக்குமிடையே எழும் பிணக்குகளிலே அவர் நடுத்தீர்ப்பாளராக அமர்ந்ததுண்டு. அங்கே நீதிமன்றம் செல்லாமலே, இருபாலாரும் ஏற்ற ஒருவர் முன்னிலையில், காரியங்கள் விரைந்து முடிவதைக் கண்டார். ஒரு வகைப் பிணக்குக்குக் கைகூடும் வழி மற்றொரு வகைக்கு ஏன் கைகூடலாகாது என்ற எண்ணம் அவர் மனத்திலே வித்தாக விழுந்தது.

1975ஆம் ஆண்டிலே அவர் ஆராய்ச்சி விடுமுறை பெற்றுச் சுவீடன் தேசத்திலே தங்கியிருந்தார். நாளாந்தப் போதனைத் தொல்லையில்லாத அக்காலத்திலே தம் எண்ணங்களை எழுதி, கருத்துக் கேட்கும் பொருட்டு நண்பர் சிலருக்கு அனுப்பிவைத்தார். பெரிய நூலொன்று எழுதும் உத்தேசம் அவருக்கு அப்போது இருக்கவில்லை. ஆனால் அவ்வெழுத்து நண்பர் வாயிலாக அமெரிக்கப் பிரதம நீதியரசர் வாரன் பேகருக்கு எட்டியது. தாம் கூட்டவிருந்த ஒரு பெரிய மாநாட்டிலே வந்து பேசும்படி சாண்டருக்கு அழைப்பு வந்தது.

எழுபது ஆண்டு இடைவெளியில் இரண்டு பேச்சுக்கள்

அந்த மாநாட்டுக்கு ஒரு முன்கதை உண்டு. 1906ஆம் ஆண்டிலே மினசோட்டா மாநிலத்துச் சென் போல் நகரில் அமெரிக்க வழக்கறிஞர் சங்கம் கூடியபோது, நெப்ராஸ்கா மாநிலத்திலிருந்து வந்த ரொஸ்கோ பவுண்ட் என்னும் இளைஞர் ஒரு பேருரை நிகழ்த்தினார். அப்போது அவருக்கு வயது முப்பத்தைந்து. தாவரவியலிலே கலாநிதிப் பட்டம் பெற்றவர். சட்டத்துறையிலும் புகுந்தவர். நீதிபரிபாலனத்தைப் பொதுமக்கள் ஏன் வெறுக்கின்றனர் என்பதே அவர் எடுத்துக்கொண்ட பொருள். வழக்கென்பது உண்மையைத் தேடும் முயற்சியாக இல்லாமல் இரு கட்சிகள் ஆடும் விளையாட்டுப் போட்டியாகிவிட்டது என்று அவர் இடித்துரைத்தார். மூத்த வழக்கறிஞர் பலர் சினங்கொண்டனர். ஆனால் காலம் பவுண்டின் பக்கமே நின்றது. அவர் பின்னர் 1916ஆம் ஆண்டு முதல் 1936ஆம் ஆண்டு வரை ஹார்வர்ட் சட்டக் கல்லூரியின் தலைவராக விளங்கினார்.

அப்பேருரையின் எழுபதாவது ஆண்டை நினைவுகூர்ந்து, 1976ஆம் ஆண்டு ஏப்ரில் மாதத்திலே, அதே சென் போல் நகரிலே பிரதம நீதியரசர் பேகர் மாநாட்டைக் கூட்டினார். அதற்குப் பவுண்ட் மாநாடு என்றே பெயர். நாடெங்குமிருந்து நீதியரசர்களும் சட்டத்தரணிகளும் அறிஞர்களும் வந்திருந்தனர். நீதிமன்றங்கள் வழக்குகளால் நிரம்பி வழிகின்றன. யாது செய்யலாம் என்பதே அனைவர் கவலையும். மேலும் நீதிபதிகளை நியமித்தல் வேண்டும், மேலும் கட்டடங்கள் கட்டல் வேண்டும் என்பது வழக்கமான விடை.

சாண்டர் கேள்வியையே மாற்றினார். எல்லாப் பிணக்குகளையும் ஒரே வாயிலால் ஏன் புகவிடுகின்றோம் என்று கேட்டார். பிணக்கின் தன்மை என்ன? கட்சிக்காரர் இருவருக்குமிடையே உள்ள உறவு எத்தகையது? பிணக்கிலே அடங்கிய தொகை எவ்வளவு? செலவு என்ன? எத்துணை விரைவாகத் தீர்வு வேண்டும்? இவ்வைந்தையும் முதலில் நோக்கவேண்டும் என்றார். ஒருவரை ஒருவர் மீண்டும் காணப்போகாத இருவரின் பிணக்குக்கும், ஒரே ஒழுங்கையில் ஆயுள் முழுவதும் வாழப்போகும் இருவரின் பிணக்குக்கும் ஒரே மருந்து பொருந்தாது. அடுத்த நூற்றாண்டு பிறக்குமுன் நீதிமன்றம் பிணக்குத் தீர்க்கும் நிலையமாக மாறவேண்டும். அதன் வாயிலிலே ஓர் அலுவலர் அமர்ந்து, வருவோரின் முறைப்பாட்டைக் கேட்டு, உரிய இடத்துக்கு வழிகாட்ட வேண்டும் என்று தம் கற்பனையை விரித்தார்.

வைத்தியசாலைக்குச் செல்வோரை நினைத்துப் பார்ப்போம். காய்ச்சற்காரனையும் கால் முறிந்தவனையும் ஒரே அறைக்கு அனுப்பி இருவருக்கும் சத்திரசிகிச்சை செய்வாருண்டோ? வாயிலிலே விசாரித்து, இவர் அங்கே, அவர் இங்கே என்று பகுத்தனுப்புவரன்றோ? சாண்டர் நீதித்துறைக்குச் சொன்னது அதுவேயாம். ஒரு வாயில் மத்தியஸ்தத்துக்கு. ஒரு வாயில் நடுத்தீர்ப்புக்கு. ஒரு வாயில் உண்மை அறியும் விசாரணைக்கு. அரசாங்க அலுவலகங்களின் பிழைகளை விசாரிக்கும் குறைகேள் அதிகாரிக்கு ஒரு வாயில். நீதிபதி முன்னிலையில் முறையான வழக்குக்கு ஒரு வாயில்.

சாண்டர் இதற்கு இட்ட பெயர் விரிவான நீதி நிலையம் என்பது. வழக்கறிஞர் சங்கத்தின் சஞ்சிகை ஒன்று அட்டையிலே பல கதவுகளைச் சித்திரமாகத் தீட்டி, பல வாயில் நீதிமன்றம் என்று பெயரிட்டது. அப்பெயரே நிலைத்தது. 1980களின் நடுப்பகுதியிலே ரல்ஸா, ஹூஸ்ரன், வாஷிங்டன் என்னும் மூன்று நகரங்களில் இத்திட்டம் பரீட்சார்த்தமாகத் தொடங்கப்பட்டது. 2002ஆம் ஆண்டிலே ஆபிரிக்காவின் நைஜீரியா நாட்டு லாகோஸ் நகரிலும் பல வாயில் நீதிமன்றம் என்ற பெயராலேயே ஒன்று திறக்கப்பட்டது. 2005ஆம் ஆண்டிலே சென்னை உயர் நீதிமன்ற வளாகத்திலே மத்தியஸ்த நிலையம் ஒன்று தொடங்கியது. ஒரு விடுமுறைக் காலத்துக் கடிதம் இவ்வளவு தூரம் சென்றது.

ஒரே கல்லூரியில் இன்னொருவர்

சாண்டருடன் ஒரே கல்லூரியிற் போதித்த ரொஜர் பிஷரையும் இங்கே குறிப்பிடாவிடின் இவ்வரலாறு நிறைவுறாது. 1922ஆம் ஆண்டு பிறந்த பிஷர், இரண்டாவது உலக மகாயுத்தத்திலே விமானப் படையில் வானிலை அறியும் பணியில் இருந்தவர். யுத்தத்திலே நண்பர் பலரை இழந்து திரும்பியவர். 1958ஆம் ஆண்டு ஹார்வர்ட் சட்டக் கல்லூரியிற் சேர்ந்தார். சாண்டர் அயலவர் பிணக்கைப்பற்றி ஆராய்ந்தாரெனின், பிஷர் தேசங்களின் பிணக்கைப்பற்றி ஆராய்ந்தார்.

பிஷரும் வில்லியம் யூரி என்னும் இளம் அறிஞரும் 1981ஆம் ஆண்டிலே வெளியிட்ட பேச்சுவார்த்தை பற்றிய சிறு நூல் உலகமெங்கும் வாசிக்கப்படுகின்றது. அதிலே இரு சகோதரிகளின் கதை வருகின்றது. ஒரு தோடம்பழத்துக்காக இருவரும் சண்டையிட்டுச் சரிபாதியாக வெட்டி எடுத்தனர். ஒருத்தி உள்ளிருந்த பழத்தை உண்டு தோலை எறிந்தாள். மற்றவள் பலகாரத்துக்குத் தோலை எடுத்துக்கொண்டு பழத்தை எறிந்தாள். ஏன் வேண்டும் என்று ஒருவரையொருவர் கேட்டிருந்தால் இருவருக்கும் முழுப்பங்கு கிடைத்திருக்கும். வாயாற் கேட்பது ஒன்று, மனத்தின் தேவை மற்றொன்று. மத்தியஸ்தர் காணவேண்டியது தேவையையே என்பது இதன் கருத்து.

இது சிறுபிள்ளைக் கதையன்று. 1967ஆம் ஆண்டு யுத்தத்திலே எகிப்தின் சினாய்ப் பிரதேசத்தை இஸ்ரேல் கைப்பற்றியது. ஒவ்வோர் அங்குல மண்ணும் திரும்ப வேண்டும் என்றது எகிப்து. ஒரு பகுதியையேனும் வைத்துக்கொள்வோம் என்றது இஸ்ரேல். வரைபடத்திலே எங்கே கோடு கீறினும் இரு தரப்பும் ஒப்பவில்லை. ஏன் என்று கேட்டபோது விடை வேறாயிற்று. எகிப்துக்கு வேண்டியது தன் மண்ணின்மீது இறைமை. இஸ்ரேலுக்கு வேண்டியது தன் எல்லையிலே எதிரியின் தாங்கிகள் நில்லாதிருத்தல். மண் முழுவதும் எகிப்துக்கு, ஆனால் எல்லைப்புறம் படையற்ற பிரதேசம் என்று முடிவு பிறந்தது. 1978ஆம் ஆண்டு செப்ரெம்பர் மாதத்திலே காம்ப் டேவிட் என்னுமிடத்திலே பதின்மூன்று நாட்கள் நடந்த பேச்சில், அமெரிக்கர் ஒரே பத்திரத்தை எழுதி, இரு தரப்பாரிடமும் குறை கேட்டு, ஏறக்குறைய இருபத்துமூன்று முறை திருத்தினர். ஒரே பத்திரத்தைத் திருத்தித் திருத்தி முடிவு காணும் அம்முறையைச் செப்பமாக வகுத்துப் போதித்தவர் பிஷர். 1979ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்திலே எகிப்தும் இஸ்ரேலும் சமாதான உடன்படிக்கை செய்தன.

1983ஆம் ஆண்டிலே ஹார்வர்ட்டும் அயலிலுள்ள வேறு இரு சர்வகலாசாலைகளும் கூடிப் பேச்சுவார்த்தைக் கலைக்கென ஓர் ஆராய்ச்சித் திட்டத்தை நிறுவின. சாண்டர் வேறு இரு பேராசிரியர்களோடு சேர்ந்து 1985ஆம் ஆண்டிலே பிணக்குத் தீர்த்தல் பற்றிய பாடநூலை வெளியிட்டார். முன்னர் சட்ட மாணவர் வாதாட மட்டும் கற்றனர். அதன்பின் கேட்கவும் கற்றனர். மாணவரையே கட்சிக்காரராகவும் மத்தியஸ்தராகவும் இருத்திப் பயிற்றும் வகுப்புக்கள் நாடெங்கும் எழுந்தன. பிஷர் 2012ஆம் ஆண்டிலும், சாண்டர் 2018ஆம் ஆண்டிலும், இருவரும் தொண்ணூறு வயதில், உலக வாழ்வை நீத்தனர்.

எதிர்த்தோர் கூறிய நியாயம்

எந்தக் கொள்கையையும் மறுபக்கமும் பாராது ஏற்றல் கற்றோர்க்கு அழகன்று. 1984ஆம் ஆண்டிலே யேல் சர்வகலாசாலைச் சட்டப் பேராசிரியர் ஓவன் பிஸ், இணக்கத்துக்கு எதிராக ஒரு கட்டுரை எழுதினார். செல்வனும் வறியவனும் இணக்கம் பேச அமர்ந்தால், வறியவன் காத்திருக்க வகையின்றிக் கிடைத்ததை வாங்கிக்கொண்டு எழுந்துவிடுவான். அதனைச் சம்மதம் என்று எவ்வாறு சொல்வது என்று அவர் கேட்டார். சமாதானம் வேறு, நீதி வேறு; நீதிமன்றம் இருப்பது நீதிக்காக என்றார். பவுண்ட் மாநாட்டிலே கலந்துகொண்ட மானிடவியலாளர் லோரா நேடரும், ஒற்றுமை ஒற்றுமை என்று சொல்லி எளியாரின் முறைப்பாட்டை அடக்கிவிடலாகாது என்று பிற்காலத்தில் எச்சரித்தார்.

இக்கேள்விகள் நம் நெஞ்சையும் தைக்கவேண்டும். நம் ஊர்களிலே முற்காலத்தில் பெரியோர் கூடிப் பிணக்குத் தீர்த்தனர் என்று நாம் பெருமை பேசுகின்றோம். உண்மைதான். ஆயினும் அச்சபையிலே பெண்ணின் குரல் எவ்வளவு கேட்டது? சாதியாலும் பொருளாலும் தாழ்த்தப்பட்டவன் எத்தனை முறை நிமிர்ந்து நின்று பேசினான்? "ஊரோடு ஒத்துப்போ" என்ற சொல் சில வேளைகளிலே அநீதியோடு ஒத்துப்போ என்பதாகவும் இருந்ததன்றோ? இதனை ஒளியாது ஒப்புக்கொள்ளுதல் நமக்குக் குறைவாகாது.

சாண்டரின் முறைக்குள்ளேயே இதற்கு விடை இருக்கின்றது. வாயில் பலவாயினும் நீதிபதியின் வாயில் மூடப்படவில்லை. 1994ஆம் ஆண்டிலே அவர் மற்றோர் அறிஞருடன் எழுதிய கட்டுரை, எந்தப் பிணக்குக்கு எந்த வழி பொருந்தும், எதற்குப் பொருந்தாது என்பதையே ஆராய்கின்றது. சட்டப் புள்ளியொன்று தெளிவுபட வேண்டுமாயின், பொது நீதி நிலைநாட்டப்பட வேண்டுமாயின், நீதிமன்றமே உரிய இடம்.

மத்தியஸ்தத்தின் எல்லையை நம்மவர் இதிகாசத்திலும் காண்கின்றோம். கண்ணபிரான் பாண்டவர்க்காகத் தூது சென்றபோது ஐந்து ஊராயினும் தருக என்று இறங்கிக் கேட்டான். துரியோதனன் ஊசிமுனை நிலமும் தரேன் என்றான். தூது போனவனிடத்திலே குறையொன்றுமில்லை. கேட்கும் மனம் எதிரே இல்லாவிடின் எத்துணைப் பெரிய மத்தியஸ்தனும் வெறுங்கையோடு திரும்புவான்.

நம் நாட்டிலே

நம் நாடு இவ்விஷயத்திலே பிந்திய நாடன்று. 1871ஆம் ஆண்டிலே ஆங்கில அரசாங்கம் சிறு வழக்குகளைக் கிராமத்திலேயே விசாரிக்கக் கிராம நியாயசபைகளை ஏற்படுத்தியது. பவுண்ட் மாநாட்டுக்குப் பதினெட்டு ஆண்டுகளுக்கு முன்னரே, 1958ஆம் ஆண்டின் 10ஆம் இலக்கச் சட்டத்தினாலே நம் பாராளுமன்றம் இணக்க சபைகளை உண்டாக்கியது. குறிப்பிட்ட பிணக்குகள் முதலில் அச்சபை முன் செல்லவேண்டும். இணக்கம் கூடவில்லை என்ற அத்தாட்சி இருந்தாலே நீதிமன்றம் அவற்றை ஏற்கும். நோக்கம் நன்று. ஆனால் சபை உறுப்பினர் நியமனத்திலே அரசியற் சார்பு புகுந்தது என்ற குற்றச்சாட்டு வளர்ந்தது. 1970களின் இறுதியிலே அச்சபைகள் ஒழிந்தன. மத்தியஸ்தர் நடுநிலை பிறழ்ந்தாரென்ற ஐயம் எழுந்தால் சபை நில்லாது என்பது நாம் விலைகொடுத்துப் பெற்ற பாடம்.

அப்பாடத்தை மனத்திற்கொண்டு 1988ஆம் ஆண்டின் 72ஆம் இலக்க மத்தியஸ்த சபைகள் சட்டம் பிறந்தது. மத்தியஸ்தரை நியமிக்கும் அதிகாரம் அரசியல்வாதிகளிடமன்றித் தனி ஆணைக்குழுவொன்றிடம் ஒப்படைக்கப்பட்டது. கட்சிக்காரர் தாமே மத்தியஸ்தரைத் தெரிவு செய்யலாம். மூவர் அமர்ந்து கேட்பர். சட்டத்தரணிகள் அங்கே ஒருவர்க்காகத் தோன்றுவதில்லை. தீர்ப்பு என்று ஒன்று கூறப்படுவதில்லை. இருவரும் இணங்கினால் எழுதிக் கையொப்பம் வைப்பர். இணங்காவிடின் அத்தாட்சி பெற்று நீதிமன்றம் செல்லலாம். விடுமுறை நாட்களிலே பாடசாலை மண்டபங்களில் வாங்கு மேசையிட்டு ஊதியம் கருதாது அமர்ந்திருக்கும் இளைப்பாறிய ஆசிரியர்களையும் உத்தியோகத்தர்களையும் நம்மிற் பலர் கண்டிருப்பர். சாண்டரின் பல வாயில்களுள் ஒன்று நம் ஒழுங்கையின் முடிவிலேயே திறந்திருக்கின்றது.

1983ஆம் ஆண்டு தொடங்கி 2009ஆம் ஆண்டு வரை நீடித்த யுத்தத்தினாலே இடம்பெயர்ந்த மக்கள் ஊர் திரும்பியபோது எழுந்த காணிப் பிணக்குகள் கொஞ்சமல்ல. வேலி இல்லை, எல்லைக் கல் இல்லை, உறுதி எரிந்துபோயிற்று, வீட்டிலே வேறொரு குடும்பம், அவர்களும் வேறிடத்திலிருந்து இடம்பெயர்ந்து வந்தோர். இருவரும் துன்பப்பட்டவர்களே, இங்கே குற்றவாளி யார்? இத்தகைய பிணக்குக்கு மத்தியஸ்தத்தினும் மேலான மருந்து அரிது. ஆயினும் மத்தியஸ்தம் மாத்திரம் போதுமாயிற்றா என்றால் இல்லை. பத்தாண்டு தடையின்றி ஆண்டவருக்குக் காணி உரித்தாகும் என்பது நம் நாட்டுக் காலவிதிப்புச் சட்டம். யுத்தத்தினால் ஊருக்குப் போகமுடியாதிருந்தவர்க்கு எதிராக அக்காலத்தைக் கணக்கிட்டால் அது கொடுமையன்றோ? அதனை நீக்க 2016ஆம் ஆண்டின் 5ஆம் இலக்க விசேட ஏற்பாடுகள் சட்டத்தைப் பாராளுமன்றம் ஆக்கவேண்டியிருந்தது. சட்டம் அடியிலே உறுதியாக நின்றாலே, அதன்மேல் அமர்ந்து இருவர் சமமாகப் பேசலாம். சட்டமும் மத்தியஸ்தமும் ஒன்றற்கொன்று பகையல்ல என்பதற்கு இதனினும் வேறு சான்று வேண்டுமோ?

முடிவுரை

சாண்டரின் வாழ்விலிருந்து நாம் கொள்ளத்தக்கன சில உள. சட்டத்தாலே துன்புற்றவர் சட்டத்தைக் கைவிடாது திருத்த முயன்றார். தமக்கு நன்கு தெரிந்த குடும்பச் சட்டத்தின் குறையை ஒளியாது நோக்கினார். அதிலிருந்தே புதுவழி பிறந்தது. தம் எண்ணத்தைப் பெரிதெனப் பறைசாற்றாது நண்பரிடம் கருத்துக் கேட்டார். மறுப்போரின் சொல்லையும் தம் ஆராய்ச்சியுள் அடக்கினார்.

நம் இளைஞருட் சிலர் சட்டம் கற்கப் போகின்றனர். அவர்கள் வாதத் திறமையோடு கேட்கும் பொறுமையையும் கற்பாராக. எஞ்சியோர் சட்டம் கல்லாவிடினும் நாளை ஒரு குடும்பத்துக்கு மூத்தவராவர். ஒரு சங்கத்துக்குத் தலைவராவர். ஊரிலே நாலுபேர் வந்து நியாயம் கேட்கும் நிலைக்கு உயர்வர். அன்று அவர்கள் முதலிற் கேட்கவேண்டிய கேள்வி, "யார் பிழை?" என்பதன்று, "உங்களுக்கு மெய்யாக வேண்டியது என்ன?" என்பதே. அதனைக் கேட்டபின்னும் ஒருவர் மற்றவரை மிதிப்பது தெரிந்தால், "இது என் சபையில் தீரும் காரியமன்று; நீதிமன்றம் செல்க" என்று சொல்லும் நேர்மையும் வேண்டும்.

பெரியோர்களிடம் ஒரு விண்ணப்பம். உங்கள் காலத்திலே தொடங்கிய வேலி வழக்கு ஏதேனும் இன்னும் நிலுவையில் இருப்பின், அதனைப் பிள்ளைகளுக்கு முதுசமாக விட்டுச் செல்லாதீர்கள். காணியை விட்டுச் செல்லுங்கள். கிணற்றை விட்டுச் செல்லுங்கள். அக்கிணற்றிலே அயலவனோடு சேர்ந்து தண்ணீர் அள்ளும் உறவையும் விட்டுச் செல்லுங்கள்.